காணாமல் போனோரா, காணாமல் ஆக்கப்பட்டோரா?



ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்', 'டிஸப்பியர்ட்' இரண்டுமே ஆளைக் காணவில்லை என்றுதானே சொல்கின்றன, பிறகென்ன வித்தியாசம் என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதுண்டு. முதலாவது பெயரடை. ஆள் இல்லை என்ற நிலையை மட்டும் சொல்லும். இரண்டாவது வினையிலிருந்து பிறந்த இறந்தகால எச்சம். ஏதோ ஒன்று நடந்து முடிந்தது என்று சொல்லும். ஆனால் அதுவும் பழைய இலக்கணப்படி 'தானாக மறைந்தவர்' என்றே பொருள்படும். 'உதிர்ந்த இலை' என்றால் இலை தானாக விழுந்தது. 'பறிக்கப்பட்ட இலை' என்றால் பறித்த கை ஒன்று இருக்கிறது.

அந்தக் கையைச் சொல்லுக்குள் கொண்டுவந்தவர்கள் தாய்மார். ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 1977 ஏப்ரல் 30இல் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். 'டெஸபாரெசிடோஸ்' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மறைந்தவர்கள் என்பதே நேர்ப்பொருள். அந்த நாட்களுக்குப் பிறகு அது மறைக்கப்பட்டவர்களைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்திலும் ஒருவரை 'டிஸப்பியர்' செய்தார்கள் என்று எழுதுவதுண்டு.

பிரெஞ்சில் 'டிஸ்பாரு' என்ற ஒரே எச்சம் வழிதவறியவரையும், கடலில் தொலைந்தவரையும், காலமானவரையும் குறிக்கும். அதனால் சட்டமொழியில் 'ஃபோர்ஸே', அதாவது 'வலிந்து' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டியிருந்தது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து அனைவரையும் பாதுகாக்கும் சர்வதேச சமவாயத்தை ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 20இல் ஏற்றது. நாடுகள் கையொப்பமிடத் தொடங்கியது 2007 பெப்ரவரி 6இல், இதே பாரிஸ் நகரில். அரச முகவர்களோ அரசின் ஆதரவு பெற்றவர்களோ ஒருவரைப் பிடித்துச் சென்று, பின் அதை மறுப்பதோ அவர் கதியை மறைப்பதோதான் இக்குற்றம் என்று அச்சமவாயம் வரையறுக்கிறது.

இலங்கை 2016 மே மாதம் இதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் இயற்றிய சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரிலோ 'மிஸ்ஸிங்' என்பதே இருக்கிறது. போரில் தொலைந்த படையினர் உட்படப் பலரும் அதன் வரம்பில் வருகிறார்கள். ஆனால் 2009 மே மாதம் தம் கையாலேயே உறவுகளைப் படையினரிடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் குடும்பங்களுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே கேட்டார்கள். 'போனோர்' தன்வினை, போனவரோடு பேச்சு முடிந்துவிடும். 'ஆக்கப்பட்டோர்' செயப்பாட்டுவினை, 'யாரால்?' என்ற கேள்வி அதற்குள்ளேயே நிற்கிறது.

லாச்சப்பலில் வாழும் எங்களுக்கு இது வெறும் இலக்கணப் பாடமல்ல. அம்மம்மாவின் வாக்குமூலத்தையோ மாமாவின் கடிதத்தையோ பிரெஞ்சில் எழுதிக்கொடுப்பவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். 'டிஸ்பாரு' என்று மட்டும் எழுதினால், வாசிக்கும் அதிகாரி இறந்துவிட்டார் என்றும் விளங்கிக்கொள்ளலாம். பிடித்துச் செல்லப்பட்டவர் என்றால் 'விக்டிம் து டிஸ்பாரிசியோன் ஃபோர்ஸே' என்று எழுதச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் கொண்டுபோனார்கள் என்பதையும் கூடவே எழுதட்டும்.