சேரிப் பள்ளியும் இணைந்த பள்ளியும்

காஞ்சிபுரம் அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர், நம்மவர் அவலத்தை 1891-இல் அரசுக்கு எழுதினார். அதன் பயனாய் 1892-இல் நில ஆணையும், 1893-இல் பஞ்சமர் கல்வி ஆணையும் பிறந்தன. ஊர்த் தெருவிலும் அக்கிரகாரத்திலும் இருந்த பள்ளிகளுக்குள் நம் குழந்தைகள் நுழைய இயலாமையால் சேரியிலேயே தனிப் பள்ளிகள் எழுந்தன. 1919-க்குப்பின் தொழிலாளர் துறை அவற்றைப் பெருக்கிற்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவ்வழி வந்தவையே.

இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைக்கும் அறிவிப்பு 2023 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. இருபாலாரும் எல்லாச் சாதியாரும் ஒன்றாய்ப் பயில்வது நன்றே. ஆயினும் இணைந்த உயர்நிலைப்பள்ளி சூன் மாதம் திறக்கையில், எட்டாம் வகுப்பு முடித்த நம் பெண்மக்களின் பெயர்கள் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் உள்ளனவா என்றே முதலில் பார்த்தல் வேண்டும். தொலைவும் துணையின்மையும் அவர்களைத்தான் முதலில் வீட்டில் நிறுத்தும். வராதவர் இல்லத்திற்கு அன்று மாலையே ஆசிரியர் செல்லட்டும்; சங்கத்து இளைஞர் ஒருவர் உடன் வந்தால் பெற்றோர் மனம்விட்டுப் பேசுவர்.