சால்ட் லேக் முதல் உதயன் வரை: கொல்கத்தாவில் எளியோர்க்கு ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் நம் பெரியவர்கள். பிழைப்புக்காக இங்கு வந்து, லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்திய நம்மவர்களுக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வசதியானவர்கள் வாழும் புறநகரில் வருமானம் குறைந்தவர்களுக்கும் இடம் உண்டா? இதற்கு மூன்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டன.

முதலாவது, அரசே நிலம் தருவது. பிரிவினைக்குப் பின் அகதிகள் வந்து குவிய, நகரம் திணறியது. முதல்வர் டாக்டர் பிதான் சந்திர ராய், கிழக்கே இருந்த உவர்நீர்ச் சதுப்பை மேடாக்கி நடுத்தர மக்களுக்கு ஒரு நகரை எழுப்ப முனைந்தார். 1962 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஹூக்ளி ஆற்று வண்டல் குழாய் வழியே வந்து சதுப்பை நிரப்பியது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி ராய் காலமானார். நகருக்கு அவர் பெயரே பிதான்நகர் என்று வழங்குகிறது. நகரமைப்பை வரைந்தவர் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த தோப்ரிவோயே தோஷ்கோவிச். மனைகள் 999 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தன. சரி, மனை கிடைத்தாலும் வீட்டைக் கட்டக் காசு வேணுமே! கூலி வேலை செய்கிறவருக்கு அது ஆகிற காரியமா? சால்ட் லேக் நாளடைவில் வசதியானவர்களின் ஊராயிற்று. ஓரத்திலுள்ள தத்தாபாத் குடிசைப் பகுதியாகவே வளர்ந்தது.

இரண்டாவது, ஒருவர் லாபத்தில் இன்னொருவருக்கு வீடு. 1990களில் மேற்கு வங்க வீட்டு வசதி வாரியம் அம்புஜா சிமெண்ட் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்தது. ஈ.எம். பைபாஸ் ஓரம் 'உதயன்' குடியிருப்பு எழுந்தது. வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். உயர் வருவாயினருக்கான வீடுகளில் கிடைத்த லாபம், குறைந்த வருவாயினர் வீட்டு விலையைத் தாங்கியது. எல்லோருக்கும் ஒரே வளாகம் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, வரிச் சலுகை. அமெரிக்கா 1986இல் இதைச் சட்டமாக்கியது. அங்கே சலுகை பெற்ற வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்கு, வரம்புக்குட்பட்ட வாடகைக்கே பல ஆண்டுகள் விட வேண்டும். நம் நாட்டில் 1998 முதல் வருமான வரிச் சட்டத்தின் 80-ஐபி(10) பிரிவு, கட்டுநர் லாபத்துக்கு விலக்கு அளித்தது. டெல்லி, மும்பையில் வீடு 1,000 சதுர அடிக்கு மிகக் கூடாது. கொல்கத்தாவிலோ 1,500 சதுர அடி வரை போகலாம்! அது எளியவர் வீடா, சொல்லுங்கள். 2016இல் வந்த 80-ஐபிஏ பிரிவு, கொல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 30 சதுர மீட்டர் என்று இறுக்கியது. 2019இல் அது 60 சதுர மீட்டராகி, 45 லட்ச ரூபாய் விலை வரம்பும் சேர்ந்தது. 2022 மார்ச் 31க்குள் அனுமதி பெற்ற திட்டங்களோடு அச்சலுகை நின்றது.

அச்சட்டம் வீட்டின் பரப்பை அளந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான் என்றும் சொன்னது. வாங்குபவரின் வருமானம் என்ன என்று மட்டும் கேட்கவில்லை. பணமுள்ளவர் சின்ன வீட்டை வாங்கிப் பூட்டி வைத்தால் என்ன செய்ய முடியும்?

மூன்று வழிகளையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். மலிவாகக் கட்டுவது பாதி வேலைதான். அந்த வீடு யாருக்குப் போகிறது, எத்தனை காலம் அவர்கள் கையில் நிற்கிறது என்பதே மீதிப் பாதி. சால்ட் லேக் வீடுகளில் பாத்திரம் துலக்குகிற அம்மாவும், வாசலில் நிற்கிற காவல்காரரும் வாடகைக்காவது அங்கேயே குடியிருக்க வழி செய்யும் திட்டமே, பிதான் ராய் தொடங்கிய பணியை நிறைவு செய்யும்.