டாலர் ரேட் கணிப்பு: நிபுணர்கள் எல்லாரும் ஒரே நம்பரைச் சொல்வது ஏன்?

"ரூபாய் இன்னும் விழும்" என்று நாலு நிபுணர்கள் ஒரே குரலில் சொன்னால் நம்பிடலாமா? உத்திரமேரூர் பக்கம் பொட்டாஷ் உரம் வாங்கும் விவசாயிக்கும், வளைகுடாவில் இருந்து வரும் பணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் தேவையான கேள்வி இது.

2013-ல் என்ன நடந்தது?

மே மாதம் ஒரு டாலர் சுமார் 55 ரூபாய். பணப்புழக்கத்தைக் குறைக்கப்போவதாக அமெரிக்க மத்திய வங்கி கோடி காட்டியதும் ரூபாய் சரிந்தது. ஆகஸ்ட் 28-ல் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. உடனே 70, அதுக்கும் மேல என்று கணிப்புகள் குவிந்தன.

ஆனால் எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி தனியாக டாலர் கொடுத்தது. வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டை ஈர்க்கவும் வழி செய்தது. அமெரிக்காவும் முடிவைத் தள்ளிப்போட்டது. ஆண்டு இறுதியில் டாலர் சுமார் 62 ரூபாய்!

ஏன் கூட்டத்தோடு போகிறார்கள்?

* வேலை பயம்: எல்லாரோடும் சேர்ந்து தப்பானால் யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகச் சொல்லித் தப்பானால் பெயர் கெடும். 'ஊரோடு ஒத்து வாழ்' கதைதான். பொருளாதார மேதை கெயின்ஸ் 1936-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்.
* ஒரே தகவல்: கச்சா எண்ணெய் விலை, வட்டி விகிதம் என எல்லாரும் பார்ப்பது ஒரே புள்ளிவிவரம். அதனால் காப்பி அடிக்காமலே விடை ஒன்றாக வரலாம்.
* இன்றைய ரேட்: இன்று விழுந்தால் நாளையும் விழும் என்று நினைப்பது மனித இயல்பு.

பக்கத்து வயலைப் பார்த்து எல்லாரும் தர்பூசணி போட்ட மாதிரிதான். பத்து பேர் செய்தாலும் யோசித்தது ஒருத்தர்தான்.

எதைப் பார்க்கணும்?

ரிசர்வ் வங்கி 2007 முதல் நிபுணர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. அதில் நடு மதிப்பை மட்டும் பார்க்காதீங்க. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்க. இடைவெளி குறைவு என்றால் கருத்து ஒன்று என்றுதான் அர்த்தம், உறுதி என்று அல்ல.

நமக்கு என்ன பாடம்?

2013 ஆகஸ்ட் உச்சத்தில், "70 வரட்டும்" என்று 1,000 டாலரை டிசம்பர் வரை மாற்றாமல் வைத்திருந்தவருக்குச் சுமார் 6,000 ரூபாய் குறைந்திருக்கும். அதற்குள் வீட்டில் நகைக்கடன் இருந்தால் அதற்கும் வட்டி ஏறும். தேவைக்கான பணத்தை அவ்வப்போது பிரித்து அனுப்பச் சொல்வதே பாதுகாப்பு.