ஒரே நாளில் வெர்சாய் அரண்மனை: பாரிஸ் போகும் தம்பதிகள் எதை விடக்கூடாது?

பாரிஸுக்கு ஹனிமூன் போகிறவர்களின் லிஸ்ட்டில் ஈபிள் டவருக்கு அடுத்து வருவது வெர்சாய் அரண்மனைதான். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆனால் கண்ணாடி மண்டபத்தில் நெரிசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டு, கால் வலியோடு திரும்பி வருபவர்கள் நிறைய பேர். அங்கே வாழ்ந்த கடைசி ராஜா ராணியின் கதை தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமலே வந்துவிடுகிறார்கள்.

எப்படிப் போவது?

பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரம். ஆர்.இ.ஆர். சி லைன் ரயிலில் ஏறி, 'வெர்சாய் ஷாதோ ரிவ் கோஷ்' ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிட நடைதான். பெயரை முழுசாகப் பார்த்து ஏறணும். இதே லைனில் சில ரயில்கள் 'வெர்சாய் ஷான்தியே' ஸ்டேஷனுக்குச் சுற்றிக்கொண்டு போகும். போர்டில் வெர்சாய் என்று பார்த்ததும் ஓடிப்போய் ஏறினால் அரை மணி நேரம் கோவிந்தா!

2025 முதல் பாரிஸ் வட்டாரம் முழுவதும் மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே கட்டணம். அதனால் வெர்சாய்க்கென்று தனி விலையில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. நவிகோ ஈஸி கார்டு எடுத்தால் ஆளுக்கு ஒன்று எடுக்கணும். ஒரே கார்டைத் தேய்த்துவிட்டுக் கணவனும் மனைவியும் போக முடியாது. பரிசோதகர் பிடித்தால் அபராதம்தான்.

எந்த நாள், எந்த டிக்கெட்?

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. செவ்வாயும் வார இறுதியும் கூட்டம் அள்ளும். புதன், வியாழன் பரவாயில்லை. உள்ளே போகும் நேரத்தைக் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பணும்.

டிக்கெட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அரண்மனைக்கு மட்டும் ஒரு டிக்கெட் உண்டு. விலை குறைவு என்று அதை எடுத்தால் ட்ரியானோ மாளிகைகளைப் பார்க்க முடியாது. 'பாஸ்போர்ட்' என்று ஒரு டிக்கெட் இருக்கிறது (நம்ம பாஸ்போர்ட் இல்லை, டிக்கெட்டின் பெயரே அதுதான்). அதில்தான் எல்லாம் அடங்கும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கூடுதல். இந்தியர்களும் இதில் வருவார்கள். அதனால் பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை நம்பி பட்ஜெட் போட வேண்டாம், அரண்மனையின் அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்கேஸோடு போனால் உள்ளே விட மாட்டார்கள் என்பதால், ஏர்போர்ட் போகிற வழியில் எட்டிப் பார்க்கும் ஐடியாவும் சரிப்படாது.

காலை 9 மணிக்கு அரண்மனை

1623-ல் பதிமூன்றாம் லூயி வேட்டைக்காகக் கட்டிய சின்ன மாளிகைதான் இதன் தொடக்கம். அவருடைய மகன் பதினான்காம் லூயி அதைப் பிரம்மாண்டமாக விரித்து, 1682-ல் அரசவையையே இங்கே கொண்டுவந்துவிட்டார். இப்போது சுமார் 2,300 அறைகள். கண்ணாடி மண்டபம் மட்டும் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன் 28-ல் கையெழுத்தானதும் இதே மண்டபத்தில்தான்.

அதற்கு முன்னால் வரும் ஹெர்குலிஸ் கூடத்தில் நம்ம ஊர்க்காரர்கள் ஒரு நிமிஷம் நிற்கலாம். ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி 1788 ஆகஸ்ட் 10-ல் வரவேற்ற இடம் அது. அந்தத் தூதர்கள் கப்பல் ஏறியது புதுச்சேரியில் இருந்து. மரியாதை பலமாகக் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே ராஜாவுக்கே சிக்கல் வந்துவிட்டது.

14 வயது மணப்பெண்

அந்தப் பதினாறாம் லூயிக்கும் ஆஸ்திரிய இளவரசி மேரி அன்டோனெட்டுக்கும் 1770 மே 16-ல் இந்த அரண்மனைத் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு 14 வயது, மாப்பிள்ளைக்கு 15. இரண்டு நாடுகள் பேசி முடித்த சம்பந்தம். இருவரிடமும் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

வெர்சாயில் ராஜா ராணிக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. எழுந்திருப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாமே மற்றவர்கள் முன்னால்தான். பிறக்கும் குழந்தை ராணியுடையதுதானா என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதால் பிரசவமும் அப்படியே! 1778-ல் முதல் குழந்தை பிறந்தபோது படுக்கையறைக்குள் அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் ராணி மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் கூட்டத்தைக் குறைத்தார்கள். இன்றைக்கு நீங்கள் வரிசையில் கடந்துபோகும் ராணியின் படுக்கையறை அதுதான். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் கதவு தெரியும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் ட்ரியானோ

ட்ரியானோ பகுதியைப் பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலையில் அரண்மனை, மதியம் இங்கே என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். தோட்டம் வழியாக அரை மணி நேர நடை. முடியாதவர்களுக்குக் கட்டணத்தோடு குட்டி ரயில் ஓடுகிறது.

1774-ல் அரியணை ஏறிய கையோடு ராஜா தன் மனைவிக்குக் கொடுத்த பரிசு, சின்ன ட்ரியானோ மாளிகை. அங்கே ராணி வைத்ததுதான் சட்டம். கணவரே விருந்தாளியாகத்தான் வரணும். உள்ளே ஓர் அறையில் ஜன்னல்களை மறைப்பதற்காகத் தரைக்கடியில் இருந்து மேலே ஏறும் கண்ணாடிகள் இருக்கின்றன. பெரிய அரண்மனையில் 357 கண்ணாடிகள் ஊருக்குக் காட்டுவதற்கு என்றால், இவை ஊர் கண்ணில் படாமல் இருப்பதற்கு. என்னைக் கேட்டால் இந்த அறைதான் மொத்த வெர்சாயிலும் முக்கியமானது.

கொஞ்சம் தள்ளி, 1783-ல் ராணி கட்டத் தொடங்கிய கிராமம். குளம், ஓலைக்கூரை வீடுகள், பண்ணை எல்லாம் உண்டு. ராணியின் விளையாட்டு என்று அப்போதே ஊர் பேசியது. அந்தப் பண்ணையில் இருந்து அரண்மனைச் சமையலறைக்குப் பொருள்கள் போனதும் உண்மை. பிரெட் இல்லாவிட்டால் கேக் சாப்பிடச் சொன்ன ராணி என்று இன்றைக்கும் மீம் போடுகிறார்கள் இல்லையா, அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. ஆனால் பாரிஸில் பிரெட்டுக்கு ஜனங்கள் அல்லாடிய நாட்களில் ராணிக்கென்று ஒரு பொம்மைக் கிராமம் இருந்தது என்பது போதாதா, கோபம் வருவதற்கு?

1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெர்சாய்க்கு நடந்தே வந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் கூட்டம் உள்ளே புகுந்தது. காலையில் பார்த்தீர்களே, கட்டிலுக்குப் பக்கத்துக் கதவு, அது வழியாகத்தான் ராணி ராஜாவின் அறைப்பக்கம் ஓடித் தப்பினார். அன்றைக்கே குடும்பத்தோடு பாரிஸுக்குக் கூட்டிப் போனார்கள். அதன் பிறகு இருவரும் இங்கே திரும்பவே இல்லை. 1793 ஜனவரியில் அவர் தலையும், அக்டோபரில் இவர் தலையும் கில்லட்டினில் போனது.

சாப்பாடு, படகு, நீரூற்று

தோட்டத்தில் பிக்னிக்குக்கு அனுமதி இல்லை. பெரிய கால்வாயைச் சுற்றியுள்ள பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஸ்டேஷனில் இறங்கியதும் சாண்ட்விச்சும் தண்ணீரும் வாங்கிக்கொண்டால் செலவு மிச்சம். கால்வாயில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு பேருக்கு அருமையான பொழுது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குறிப்பிட்ட நாட்களில் இசையோடு நீரூற்றுகளை ஓட விடுவார்கள். அந்த நாட்களில் தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு, 'பாஸ்போர்ட்' டிக்கெட்டில் அது சேர்ந்தே வரும். பதினான்காம் லூயி காலத்தில் எல்லா ஊற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் போதாது. ராஜா நெருங்கும்போது ஆட்கள் விசில் அடித்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார்களாம்.

ட்ரியானோவில் இருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ராத்திரி பாரிஸில் சீன் நதிப் படகு சவாரி புக் பண்ணியிருந்தால் 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.