56% வீரர் எம்.வி.பி ஆனார்... 77% வீரர் பெஞ்சுக்குப் போனார்! கல்லூரி துல்லியத்தை நம்பலாமா?

அமெரிக்காவின் என்.எஃப்.எல் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் ஒரு பெரிய முடிவை எடுக்கின்றன. கல்லூரியில் ஆடும் இளைஞர்களில் யார் தங்கள் அடுத்த குவாட்டர்பேக் என்பதுதான் அது. சரியாகத் தேர்ந்தெடுத்தால் பத்து, பதினைந்து வருடத்துக்குக் கவலை இல்லை. தப்பாகிவிட்டால் பயிற்சியாளர் முதல் மேலாளர் வரை வேலை போகும். தேர்வான இளைஞரின் கரியரும் இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துபோகலாம்.

இந்த நேரத்தில் டிவி திரையில் அடிக்கடி வரும் ஒரு எண்தான் 'கம்ப்ளீஷன் சதவீதம்'. கல்லூரியில் இந்த எண் நன்றாக இருந்தால் என்.எஃப்.எல்-லிலும் சாதிப்பார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், குவாட்டர்பேக் என்றால் யார்?

இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். அதை யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் ஓடலாமா என்பதையெல்லாம் இரண்டு, மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும்.

அவர் எறிந்த பாஸ்களில் எத்தனையை சொந்த அணி வீரர்கள் பிடித்தார்கள் என்பதுதான் கம்ப்ளீஷன் சதவீதம். 30 எறிந்து 21 பிடிபட்டால் 70%. கணக்கு இவ்வளவுதான்.

2018 டிராஃப்ட்: ஐந்து பேர், ஐந்து எண்கள்

இந்த விவாதத்துக்கு நல்ல உதாரணம் 2018. அந்த ஆண்டு முதல் சுற்றில் மட்டும் ஐந்து குவாட்டர்பேக்குகள் தேர்வானார்கள். கல்லூரியில் அவர்களது கடைசி சீசன், அதாவது 2017-ன் கம்ப்ளீஷன் சதவீதம் இதோ:

- பேக்கர் மேஃபீல்ட் (ஓக்லஹோமா) – 70.5% – 1-வது தேர்வு
- சாம் டார்னால்ட் (யு.எஸ்.சி) – 63.1% – 3-வது தேர்வு
- ஜாஷ் ஆலன் (வயோமிங்) – 56.3% – 7-வது தேர்வு
- ஜாஷ் ரோசன் (யு.சி.எல்.ஏ) – 62.6% – 10-வது தேர்வு
- லாமர் ஜாக்சன் (லூயிவில்) – 59.1% – 32-வது தேர்வு

பட்டியலில் குறைவான சதவீதம் ஆலனுக்கும் ஜாக்சனுக்கும்தான். லீக்கின் மிக உயரிய தனிநபர் விருதான எம்.வி.பி-யை வென்றதும் இதே இருவர்தான். ஜாக்சன் 2019, 2023 சீசன்களிலும், ஆலன் 2024 சீசனிலும் வென்றனர்.

ஜாக்சனை குவாட்டர்பேக்காகவே பார்க்க வேண்டாம், ரிசீவராக மாற்றலாம் என்று முன்னாள் அணி நிர்வாகி பில் போலியன் 2018-ல் சொன்னார். அடுத்த ஆண்டே தன் கணிப்பு தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம், ரோசனை ஒரே சீசனில் அரிசோனா அணி வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

அப்படியானால் கம்ப்ளீஷன் சதவீதம் வேஸ்ட்டா? அவசரப்பட வேண்டாம்.

குறைந்த சதவீதம் பெரும்பாலும் எச்சரிக்கைதான்

ஆலனின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி எண்களோடு வந்து காணாமல் போனவர்களை யாரும் பேசுவதில்லை.

கைல் போலர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தன் மொத்த பாஸ்களில் பாதியைக்கூட முடிக்கவில்லை. ஆனால் கை பலம் அபாரம். அதை நம்பி பால்டிமோர் ரேவன்ஸ் 2003-ல் 19-வது தேர்வாக எடுத்தது. அவரால் நிலையான குவாட்டர்பேக்காக வளரவே முடியவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாக்கர் கல்லூரியில் வைத்திருந்தது சுமார் 54%. 2011-ல் 8-வது தேர்வாக டென்னஸி டைட்டன்ஸ் எடுத்தது. நான்கு சீசன்களோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

பென் ஸ்டேட்டின் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் 2016-ல் இரண்டாவது சுற்றில் தேர்வானார். அவரது கல்லூரி சதவீதம் சுமார் 56. கிட்டத்தட்ட ஆலனின் அதே எண்! ஆனால் ஒரு ரெகுலர் சீசன் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

ஆக, 56 சதவீதத்தில் இருந்து ஒருவர் எம்.வி.பி ஆகலாம் என்பது உண்மை. அதை நம்பி இன்னொரு 56 சதவீதக்காரரை எடுப்பது பெரிய ரிஸ்க் என்பதும் உண்மை.

அதிக சதவீதம் இருந்தால் கேரண்டியா?

அதுவும் இல்லை.

- கோல்ட் பிரென்னன்: ஹவாய் பல்கலைக்கழகத்துக்காக 2006-ல் 72.6%, 58 டச்டவுன் பாஸ்கள். 2008-ல் ஆறாவது சுற்றில்தான் தேர்வானார். என்.எஃப்.எல் ரெகுலர் சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.
- கோல்ட் மெக்காய்: டெக்சாஸுக்காக 2008-ல் 76.7%. அப்போது அது தேசிய கல்லூரி சாதனை. என்.எஃப்.எல்-லில் பல ஆண்டுகள் நீடித்தார், ஆனால் பெரும்பாலும் மாற்று வீரராகத்தான்.
- சாக் வில்சன்: பி.ஒய்.யு அணிக்காக 2020-ல் 73.5%. 2021-ல் 2-வது தேர்வாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. மூன்று சீசன்களில் கைவிட்டது.
- மேக் ஜோன்ஸ்: அலபாமாவுக்காக 2020-ல் 77.4%. மெக்காய் சாதனையையே முறியடித்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்கு முதல் சீசன் நன்றாகவே ஆடினார். 2023-ல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். 2024-ல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

எங்கே இடிக்கிறது?

சிக்கல் என்னவென்றால், 'பிடிபட்ட பாஸ்' என்பது வேறு, 'துல்லியமான பாஸ்' என்பது வேறு. ஒரு பாஸ் பிடிபடுவதற்கு எறிபவர் மட்டுமே காரணம் இல்லை.

1. எவ்வளவு தூரம்? ஒரு வீரர் 30 பாஸ்களில் 21 முடித்து 150 யார்டு எடுக்கிறார். இன்னொருவர் 30-ல் 17 முடித்து 260 யார்டு எடுக்கிறார். சதவீதத்தில் முதல் ஆள் 70, இரண்டாவது ஆள் 57. ஆனால் அணியை முன்னே கொண்டுபோனது யார்? பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிடும் 'ஸ்கிரீன் பாஸ்'களும், 40 யார்டு தாண்டிப் பறக்கும் பாஸ்களும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

2. என்ன ஆட்ட முறை? சில கல்லூரிகள் 'ஏர் ரெய்டு' போன்ற முறைகளில் ஆடுகின்றன. மைதானம் முழுக்க ரிசீவர்களைப் பரப்பி, சீக்கிரம் எறியும் சின்னச் சின்ன பாஸ்கள். யார் ஆடினாலும் சதவீதம் ஏறும். டெக்சாஸ் டெக்கில் மைக் லீச் பயிற்சியில் ஆடிய கிரஹாம் ஹாரெல் சுமார் 70% வைத்திருந்தார். 2009 டிராஃப்ட்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை.

3. பிடிப்பது யார்? மேக் ஜோன்ஸ் எறிந்த பந்துகளைப் பிடித்தவர்களில் ஒருவர் டெவான்டா ஸ்மித். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருதை வென்றவர். அவரும் சக ரிசீவர் ஜெய்லன் வாடிலும் 2021-ல் முதல் பத்து தேர்வுகளுக்குள் போனார்கள். ஆலன் ஆடிய வயோமிங்கில் இந்த வசதி எல்லாம் கிடையாது.

4. எதிரே யார்? கல்லூரியில் ரிசீவர் ஆளில்லாத இடத்தில் தனியாக நிற்பது சகஜம். என்.எஃப்.எல்-லில் அரை அடி இடைவெளி கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

ஒரே வீரர்... 57.8%-ம் அவர்தான், 76.3%-ம் அவர்தான்!

சூழ்நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜோ பரோ சாட்சி. எல்.எஸ்.யு கல்லூரியில் 2018-ல் அவரது சதவீதம் 57.8. அடுத்த ஆண்டே 76.3. இடையில் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார், ஆட்ட முறையே மாறியது. பரோவும் மெருகேறினார்.

2020-ல் முதல் தேர்வாகப் போன பரோ, இரண்டாவது சீசனிலேயே சின்சினாட்டியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுசென்றார். 2018 எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் அவர் முதல் சுற்றுக்கே வந்திருக்க மாட்டார்.

சல்லடையில் சலித்த பிறகு பார்க்கிறோம்

இதில் ஒரு புள்ளியியல் சூட்சுமமும் இருக்கிறது. முதல் சுற்றுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். 56% வைத்திருக்கும் ஒருவரை அணிகள் சும்மா எடுக்காது. உயரம், கை பலம், ஓட்டம் என்று வேறு ஏதோ ஒன்று அவரிடம் அசாத்தியமாக இருக்கும். சாதாரண 56% வீரர்கள் டிராஃப்ட்டுக்கே வருவதில்லை. அதனால், தேர்வானவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சதவீதத்துக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும்.

இந்த சல்லடையையே பயன்படுத்திக்கொண்டவர் டேவிட் லூவின். 'ஃபுட்பால் அவுட்சைடர்ஸ்' குழுவுக்காக 2006-ல் அவர் ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார். முதல் இரண்டு சுற்றுகளில் தேர்வானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டே விஷயங்களைப் பார்த்தார்: கல்லூரியில் எத்தனை ஆட்டங்கள் தொடக்க வீரராக ஆடினார், கம்ப்ளீஷன் சதவீதம் என்ன.

கடைசிச் சுற்றுக்காரர்களை ஏன் விட்டார்? பிரென்னன், ஹாரெல் போன்றவர்களின் எண்கள் ஆட்ட முறையால் வீங்கியவை என்பதை அணிகளின் தேர்வாளர்கள் வீடியோ பார்த்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். ஆக, கண்ணும் கணக்கும் சேர்ந்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. பிறகு வந்த கணிப்பு முறைகள் எதிரணியின் பலம், சக வீரர்களின் தரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டன.

ஆலன் எப்படி மாறினார்?

என்.எஃப்.எல்-லில் முதல் மூன்று சீசன்களில் ஆலனின் சதவீதம் இப்படி ஏறியது: 2018-ல் 52.8, 2019-ல் 58.8, 2020-ல் 69.2.

சீசன் இல்லாத மாதங்களில் எறியும் முறையைத் திருத்தினார். பஃபலோ அணி 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தரமான ரிசீவரைக் கொண்டுவந்தது. அந்த சீசனில் 127 பாஸ்களைப் பிடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார் டிக்ஸ். பரோவை மாற்றிய அதே ஜோ பிரேடிதான் ஆலன் எம்.வி.பி வென்ற 2024-ல் பஃபலோவின் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர்.

துல்லியத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்ற பழைய நம்பிக்கையை ஆலன் உடைத்தார். ஆனால் இவ்வளவு பெரிய முன்னேற்றம் அபூர்வம்.

இப்போது அணிகள் எதைப் பார்க்கின்றன?

என்.எஃப்.எல் வீரர்களின் தோள் கவசத்தில் இப்போது சிப் இருக்கிறது. ரிசீவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார், தடுப்பவர் எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்து, அந்த பாஸ் பிடிபட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். அந்த எதிர்பார்ப்பைவிட வீரர் எவ்வளவு கூடுதலாக முடிக்கிறார் என்பதே புது அளவுகோல். சுலபமான பாஸுக்குக் குறைந்த மதிப்பு, கஷ்டமான பாஸுக்கு அதிக மதிப்பு.

அடுத்த டிராஃப்ட்டில் நீங்கள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

திரையில் '70%' என்று வந்தால் இதைக் கவனியுங்கள்:

1. எத்தனை சீசன்களின் எண் இது? ஒரே சீசனா, மூன்று சீசனா?
2. ஒரு பாஸுக்கு சராசரியாக எத்தனை யார்டு?
3. பந்தைப் பிடித்தவர்களும் டிராஃப்ட்டில் முன்னணியில் இருக்கிறார்களா?
4. ஆண்டுக்கு ஆண்டு முன்னேறினாரா, அப்படியே நிற்கிறாரா?

சுருக்கமாகச் சொன்னால்...

கல்லூரி கம்ப்ளீஷன் சதவீதம் ஒரு நல்ல வடிகட்டி, ஆனால் ஜாதகம் இல்லை. ரொம்பக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும், ரொம்ப அதிகமாக இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். போலரை எடுத்த அணி முதல் கேள்வியில் கோட்டை விட்டது. அதே பால்டிமோர்தான் 15 ஆண்டுகள் கழித்து, மற்ற அணிகள் தாண்டிப்போன லாமர் ஜாக்சனை 32-வது தேர்வாக எடுத்தது.