பால்மரமும் பரிணாமக் கணக்கும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்குப் பால்மரம் புதியதன்று. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய மரம் அது. வெப்பவியலும் செய்திக் கோட்பாடும் உயிர்களின் பரிணாமமும் அம்மரத்தின் வரலாற்றில் ஒருங்கே வந்து கூடுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். கண்பார்வையற்ற ஆங்கில அறிஞர் ஜான் காஃப் 1805இல் எடுத்துரைத்த உண்மை இது. ரப்பர் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது. தளர்ந்திருக்கையில் அவை எண்ணற்ற விதங்களில் சுருண்டு கிடக்கலாம். இழுத்தாலோ, வரிசைப்பட்டு நிற்கின்றன. இயலும் விதங்கள் குறைகின்றன. அவ்விதங்களின் பெருக்கத்தை அளப்பதே என்ட்ரோப்பி. அது குறைகையில் வெப்பம் வெளிப்படுகிறது. கையை விட்டதும் ரப்பர் மீள்வது, விதங்கள் மிகுந்த நிலையை நோக்கியே.

1948இல் கிளாட் ஷானன் செய்தியை அளப்பதற்குக் கண்ட சூத்திரமும் இதே வடிவினது. இரண்டும் ஒன்றல்ல; முன்னது வெப்பத்தின் கணக்கு, பின்னது ஐயம் தீர்வதன் கணக்கு. ஆயினும் எத்தனை விதங்கள் இயலும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை. 1961இல் ஜப்பானிய அறிஞர் மோட்டூ கிமுரா இக்கணக்கைப் பரிணாமத்திற்குப் பொருத்தி, இயற்கைத் தேர்வு மரபுச் செய்தியைச் சேர்க்கும் செயல் என்று காட்டினார். பல வகைகள் இருந்து அவற்றுட் சில நிலைக்கும்போதே செய்தி சேர்கிறது. வகையே இல்லாவிடில் தேர்வுக்கு இடமேது?

இனி நம் மரத்திற்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. 1877இல் சிங்கப்பூரை அடைந்த கன்றுகள் 22. பிற்காலத்து மலாயாத் தோட்ட மரங்களிற் பெரும்பாலானவை விக்கம் கொணர்ந்த அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், கோலாலம்பூரிலும் சுங்கை பூலோவிலும் ஆய்வுகள் நடத்தி, நல்ல மரங்களைக் கலந்து, சிறந்தவற்றை ஒட்டுக்கட்டிப் பெருக்கிற்று. அது உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை தாய்லாந்திலும் இந்தியாவிலும் பரவியது. பால் பெருகியது மெய்யே. ஆனால் செய்திக் கணக்கையும் பாருங்கள். எட்டு வகைகள் சம அளவில் நிற்கும் தோட்டத்தில், ஒரு மரம் எவ்வகை என்றறிய 3 பிட் செய்தி வேண்டும். நான்கு வகையாயின் 2, இரண்டாயின் 1, ஒரே வகையாயின் 0.

இப்பூச்சியம் வெறும் எண்ணன்று. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்த வல்லது என்பதே அதன் பொருள். 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய ஃபோர்ட்லாந்தியாத் தோட்டத்தில், நெருங்கி நட்ட மரங்களிடையே இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் பரவியது. அம்முயற்சி தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்நோய் நம் பக்கம் வந்தால் எதிர்த்து நிற்கும் வகை நம்மிடம் உண்டா? இவ்வினா அறிஞர்களை வருத்தியது. 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் குழுவினர் மீண்டும் பிரேசில் காடுகளுக்குச் சென்று, 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டினர். அவற்றுள் ஒரு பகுதி மலேசியாவிற்கு வந்தது. முன்னைய பயணம் பால் தேடியது. இப்பயணம் வேற்றுமை தேடியது.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள், ஒரு ரப்பர் வளையத்தை மாணவர் கையில் கொடுத்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். பாட்டன் வெட்டிய மரத்திலேயே பேரன் பரிணாமத்தைக் கற்பான்.