பேறுகாலத் துணை

பிரசவ வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை பெண்ணின் பக்கத்திலேயே இருப்பவர் பேறுகாலத் துணை. பேறு நடந்த விதம் தாயின் மனத்தில் ஆண்டுக்கணக்கில் எப்படித் தங்குகிறது என்பதிலும் இத்துணைக்குப் பங்குண்டு.

ஈரோடு மாவட்டத்தின் கைத்தறி ஊரான சென்னிமலையிலும் சுற்றியுள்ள கொங்குப் பகுதியிலும் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. கருவுற்ற மகளுக்கு நடத்தும் கட்டுச்சோற்று விருந்து முடிந்ததும் அவளை அழைத்துப் போவார்கள். முன்பு மருத்துவச்சி பேறு பார்க்க, அம்மாவும் அம்முச்சியும் (அம்மாவின் அம்மா) கூடவே இருந்தார்கள். தாயோ சேயோ இறந்துபோவதும் அன்று அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்தன. உயிர்கள் பிழைத்தன, ஆனால் அம்மா பிரசவ அறை வாசலோடு நிறுத்தப்பட்டாள்.

அவளை உள்ளே அழைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2004-இல் அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. துணையாக வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும். நடுவண் அரசின் 2016 வழிகாட்டுதல், மறைவு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. பல இடங்களில் அப்பா இன்றும் வராந்தாவில்தான். அவசர அறுவையின்போது ஒரு சேதியும் தெரியாமல் நிற்கும் அவருக்கும் அதிர்ச்சி நெடுநாள் நீடிக்கக்கூடும்; அதை யாரும் கேட்பதில்லை.

15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை, தொடர்ந்து துணை கிடைத்தவர்களிடம் அறுவைப் பிரசவமும் பேற்றைப் பற்றிய கசப்பும் குறைவு என்கிறது. மனச்சோர்வு குறைகிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கியவள், சொல்லாமலே தையல் போடப்பட்டவள், அடுத்த பேற்றை நினைத்தாலே நடுங்குவதுண்டு. இதைப் 'பச்சை உடம்பு, சரியாகிவிடும்' என்று தள்ளிவிடுவது தவறு.

பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குப் பிரசவ அறை மட்டுமே காரணமன்று. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், 11 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடன் பிணக்கு, கைஉதவிக்கு ஆளில்லாமை ஆகியவை அதோடு சேர்ந்திருந்தன.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாப்பட்டியலின் தமிழ் வடிவம் 2005-இலேயே சோதித்து ஏற்கப்பட்டது. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் நாளிலேயே தாயிடம் அதைக் கேட்டுவிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தரும் தனிப் பிரிவு உண்டு. இரண்டு வாரம் கடந்தும் அழுகையோ வெறுமையோ நீங்காத தாய், தந்தை எவரும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம்.